தம்பி திருப்பிப் பிடித்த கிட்டார்

கேள்வி: எனக்கு 47 வயது. சோழவந்தானில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி இரண்டு வருடத்துக்கு முன்னால் தை மாதம் மாரடைப்பில் போய்விட்டான். வேலை முடிந்து வந்தால் அவனுக்குக் கிட்டார்தான். சுற்றுப்பட்டு ஊர்த் திருவிழாக் கச்சேரிகளுக்கும் வாசிக்கப் போவான். இடது கைக்காரன். அவனுடைய கிட்டார் உறையோடு பீரோ மேல் கிடக்கிறது, கம்பியெல்லாம் துரு. அவன் அடிக்கடி வாசிக்கும் ஒரு பாட்டையாவது கற்றுக்கொண்டு, வருகிற தை மாதம் அவன் நினைவு நாளில் வாசிக்க வேண்டும் என்று ஆசை. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எனக்கு எல்லாமே வலது கைப் பழக்கம். எனக்காகக் கிட்டாரை மாற்றினால் அது அப்புறம் அவன் கிட்டாராக இருக்குமா? அதைக் கீழே எடுத்தாலே அம்மா அழுகிறார். ‘துக்க வீட்டில் பாட்டு என்ன வேண்டிக் கிடக்கு’ என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். இந்த வயதில் கை வருமா? கிட்டாரின் போட்டோக்களும், அவன் அந்தப் பாட்டைப் பாடி வாசிக்கும் செல்போன் வீடியோ ஒன்றும் அனுப்பியிருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழவந்தான்

பதில் தருபவர்: மதுரையில் கிட்டார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு,

கை வரும். வயதைப் பற்றிய கேள்விக்கு அவ்வளவுதான் பதில். நாள் முழுக்க ஒரு கையால் துணியைத் தள்ளி இன்னொரு கையால் பிடித்துத் தைக்கிறவர் நீங்கள். இரண்டு கையும் இரண்டு வேலை பார்ப்பது வகுப்புக்கு வரும் பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் புதிது. உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி, கிட்டாரை மாற்றலாமா என்பது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் வட்டத் துளைக்குப் பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறதல்லவா, அதற்குப் பிக்கார்டு என்று பெயர். வாசிக்கும்போது பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்ன வில்லை, பட்டு மரம் கீறிவிடாமல் இருக்க, மடியில் வைத்தால் துளைக்குக் கீழே வருகிற மாதிரி ஒட்டுவார்கள். தம்பி மடியில் வைத்திருக்கும் வீடியோவில் அது துளைக்கு மேலே இருக்கிறது. வாசிக்கிறவர் குனிந்து பார்ப்பதற்காகக் கழுத்தின் ஓரத்தில் பதிக்கும் சின்னப் புள்ளிகளும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் கீழ்ப் பக்கம் போயிருக்கின்றன. ஆக, இது இடது கைக்கென்று செய்த கிட்டார் கிடையாது. சாதாரண வலது கைக் கிட்டாரை வாங்கி, கம்பிகளின் வரிசையை மாற்றிக் கட்டி, திருப்பிப் பிடித்து வாசித்திருக்கிறார். இடது கைக் கிட்டார் நம் பக்கத்துக் கடைகளில் லேசில் கிடைக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். அதனால் நிறையப் பேர் இப்படிச் செய்துகொள்வார்கள். உலகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வலது கைக் கிட்டாரைத் திருப்பி, கம்பி மாற்றிக் கட்டித்தான் வாசித்தார்.

இன்னொன்றும் போட்டோவில் தெரிகிறது. கழுத்தின் உச்சியில், கம்பிகள் உட்கார ஆறு வெட்டு வெட்டிய வெள்ளைத் துண்டு இருக்கும். நட் என்று சொல்வோம். அதன் ஓரத்தில் பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. கம்பெனியில் அப்படி ஒட்டி அனுப்ப மாட்டார்கள். தடிமனான கம்பிக்குரிய வெட்டு தடிமனான கம்பிக்கே வர வேண்டும் என்பதற்காக, நட்டைத் தட்டிக் கழற்றி, திருப்பி, அவரே ஒட்டியிருக்கிறார். விஷயம் தெரிந்து செய்த வேலைதான், பசை மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது.

‘அவன் வாசித்தால் மட்டும் அந்தக் கிட்டாரில் ஒரு மாதிரிச் சத்தம் வரும், வேறு யார் கிட்டாரிலும் கேட்டதில்லை’ என்று கடிதத்தில் ஓர் இடத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதில் காரணம் இருக்கலாம். கீழே, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதில் கம்பிகள் ஏறி இறங்கும் வெள்ளைப் பட்டைக்குச் சேடில் என்று பெயர். அதைக் கொஞ்சம் சாய்வாக வைத்திருப்பார்கள். தடிமனான கம்பிக்கு நீளம் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதுதான் அந்தச் சாய்வு. நட்டைத் திருப்பலாம், பிரிட்ஜிலேயே வெட்டி உட்கார்த்திய சேடிலைத் திருப்ப முடியாது. கம்பி வரிசை மாறும்போது சாய்வு எதிர்ப்பக்கமாகிவிடும். கழுத்தில் மேலே போகப் போகத் தடிமனான கம்பிகள் சுருதியிலிருந்து ஒரு நூல் ஏறும், மெல்லிசானவை ஒரு நூல் இறங்கும். காது அதைப் பிசிறு என்று சொல்லாது, ஒரு தனிக் குரல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். கம்பியைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தால் அந்தச் சத்தம் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வேலை முடிந்து வந்த பிறகு உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கக் கூடாது.

அது தெரிந்தும் என் யோசனை, மாற்றுங்கள் என்பதுதான். கடையிலிருந்து வந்தபோது அது வலது கைக்காரர் கிட்டார். தம்பி தன் கைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டார். இப்போது உங்கள் கைக்குத் தகுந்த மாதிரி நீங்கள் மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள். கடையில் வந்தபடியே அதைத் தொடாமல் வைத்திருந்தால் அவரும் வாசித்திருக்க முடியாது.

கிட்டாரை அப்படியே விட்டுவிட்டு நீங்களே இடது கைப் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். எல்லாமே புதிதாகக் கற்கிறவருக்கு எந்தக் கையானால் என்ன என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் தாளம் இருப்பது மீட்டுகிற கையில். கத்தரி பிடிக்கும் கையிடம் தாளத்தைக் கொடுப்பதுதான் உங்களுக்கு நல்லது.

கிட்டாரை உடனே எடுத்துக் கம்பியை முறுக்கிப் பார்க்காதீர்கள். துருப்பிடித்த கம்பி சட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும். வீட்டிலேயே சூடு தங்குகிற இடம் பீரோ மேல்தான். அதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், கான்கிரீட் கூரைக்கு ஒரு முழம் கீழே என்றால் கேட்கவே வேண்டாம். கிட்டாரைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசை. சூட்டில் பசை இளகும். நல்ல வெளிச்சத்தில் வைத்து, பிரிட்ஜின் பின்பக்க ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுக் கம்பி கட்டக் கூடாது. ஆறு கம்பியையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவை 70 கிலோவை ஒட்டி வரும். ஒரு பெரிய ஆளையே தொங்கவிடுகிற எடை அது.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது சில விஷயங்களை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு சீட்டில் எழுதிப் பையில் போட்டுவிடுங்கள். வலது கைக்குத் திருப்ப வேண்டும். நட் புதிதாகப் போட வேண்டும், பழைய நட்டைத் திருப்பித் தர வேண்டும். சொல்லாவிட்டால் குப்பைக்குப் போய்விடும். கழுத்து வளைந்திருந்தால் அதற்குள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நேராக்க வேண்டும், ட்ரஸ் ராட் என்று சொன்னால் அவருக்குப் புரியும். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஃபிரெட் என்று பெயர். 12-வது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் வாசிக்கத் தெரிந்தவருக்கே விரல் வலிக்கும்.

முக்கியமானது ஒன்று: உடம்புக்குப் பாலிஷ் போட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதுங்கள். தம்பியின் பிக் பட்ட இடத்தில் பிக்கார்டு இல்லை, வெறும் மரம்தான். போட்டோவில் துளையின் மறுபக்கத்தில் வரிவரியாகக் கீறல் தெரிகிறது, வார்னிஷ் தேய்ந்து வெள்ளையாகவே ஆகியிருக்கிறது. நீங்கள் வலது கையில் பிடித்தால் அது துளைக்கு மேல் பக்கம் வரும், குனிந்தாலே கண்ணில் படும். பாலிஷ் போடுகிறவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அதைத்தான் முதலில் தேய்ப்பார்.

கம்பி ‘10 செட்’ கேளுங்கள். மெல்லிசான கம்பி 0.010 அங்குலம் இருக்கும் செட், எக்ஸ்ட்ரா லைட் என்றும் சொல்வார்கள். தம்பி இதைவிடத் தடிமனான 12 செட் போட்டிருந்தாலும் போட்டிருக்கலாம், நீங்கள் போட வேண்டாம். விரல் நோகாமல் இருக்க நைலான் கம்பி போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டீல் கம்பிக்கென்று செய்த கிட்டாரில் நைலானுக்குச் சத்தமே எழும்பாது.

சரி, அம்மா. நான் கிட்டார் சொல்லித் தருகிறவன், மனசைப் பார்க்கிற டாக்டர் இல்லை. ஆனால் போனவர்களின் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் பெரும்பாலும் தகராறு ஆவது, கிட்டாரை யாரோ சொல்லாமல் கொள்ளாமல் எடுத்ததால்தான். அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: பழுது பார்க்கக் கொடுக்கப் போகிறேன், இத்தனை நாளில் திரும்பி வரும், வந்ததும் இதே வீட்டில் இருக்கும். கொண்டுபோகும் அன்று அவர் கையாலேயே உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அழுவார், அழட்டும். அழுகிறார் என்பதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டு வருடம் ஆகியும் சாப்பாடு, தூக்கம் சரியில்லை என்றால் மட்டும் அது கிட்டாரால் தீருகிற விஷயம் இல்லை. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சொந்தக்காரர்கள் பேச்சை என்ன சொல்ல? ஒப்பாரி பாடி, பறையடித்து அனுப்பிவைக்கிற சீமை நம்முடையது. துக்க வீட்டில் பாட்டு கூடாது என்ற சட்டம் எப்போது வந்தது என்று அவர்களையே கேளுங்கள். அடுத்து, கிட்டார் பட்டணத்துச் சமாச்சாரம், உனக்கு எதற்கு என்பார்கள். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்துவிட்டுச் சென்னைக்குப் போனவர், சினிமா ஒலிப்பதிவுகளில் கிட்டாரும் வாசித்துத்தான் மேலே வந்தார். போதும், இவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

இனி பாடம். நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதல் இரண்டு மாதம் அந்தப் பாட்டைத் தொடாதீர்கள். பாட்டின் பெயரை எழுதியிருந்தீர்கள், அது உங்கள் வீட்டு விஷயம் என்பதால் இங்கே போடவில்லை. புதிதாகக் கற்கிறவர் விரல் தடுமாறும், கம்பி கரகரக்கும், ஒரு கார்டிலிருந்து, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கான ஒரு விரல் பிடிப்பிலிருந்து, இன்னொன்றுக்குப் போக மூச்சு முட்டும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பாட்டில் அது நடந்தால் ஒவ்வொரு பிசகுக்கும் ‘அவன் இப்படியா வாசிப்பான்’ என்று உங்களுக்கே தோன்றும். உள் அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கும் தோன்றும். பத்து நாளில் கிட்டார் திரும்பப் பீரோ மேல் ஏறிவிடும். பழகுகிற நேரம் விரலுக்கானது, தம்பிக்கானது இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். ஏதாவது ஒரு சினிமாப் பாட்டையோ, பஜனைப் பாட்டையோ வைத்துக்கொண்டு விரலைப் பழக்குங்கள். அது கெட்டுப்போனால் யாருக்கும் மனசு நோகாது.

முதலில் ஈ மைனர், ஏ மைனர் என்ற இரண்டு கார்டும் போதும். ஈ மைனருக்கு இரண்டு விரல், ஏ மைனருக்கு மூன்று. ஈ மைனர் வைத்து ஒரு மீட்டு, ஏ மைனருக்கு மாறி ஒரு மீட்டு. ஒரு நிமிடத்துக்கு இப்படி மாறி மாறிச் செய்து எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். தடுமாறாமல் 30 வந்தால் அடுத்த கார்டுக்குப் போகலாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். காலையில் கடை திறக்கும் முன் கால் மணி, ராத்திரி கால் மணி. நுனி விரல் எரியும், மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்துவிடும். பாத்திரம் கழுவிய கையோடு உட்காராதீர்கள். ஊறிய தோலில் ஸ்டீல் கம்பி வெட்டும், தடித்த தோலும் உரிந்துவிடும்.

யாரிடம் கற்பது? தம்பியோடு கச்சேரிக்குப் போன பையன்கள் ஓடி வருவார்கள். அவர்களை அழைத்துச் சாப்பாடு போடுங்கள், பேசுங்கள், பாடத்துக்கு மட்டும் அவர்களிடம் போகாதீர்கள். கதைதான் ஓடும், பாடம் ஓடாது. தம்பியைத் தெரியாத ஆளாகப் பாருங்கள். சோழவந்தானிலோ வாடிப்பட்டியிலோ சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறவர் யாராவது கிடைப்பார். இல்லையென்றால் வாரம் ஒரு தடவை மதுரைக்கு ரயிலேறுங்கள். யூடியூப் பார்த்தும் கார்ட் பிடிக்கப் பழகலாம், ஆனால் உங்கள் மணிக்கட்டு கோணலாக மடங்குவதை யூடியூப் பார்க்காது. கிரேடு பரீட்சை எல்லாம் உங்களுக்கு வேண்டாத வேலை.

இரண்டு மாதம் கழித்து அந்த வீடியோவை எடுங்கள். யூடியூபில் பாடம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்து பார்த்தால் அவர்களுடைய இடது உங்களுக்கு வலதாகத் தெரியும், ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் புரட்டிக்கொள்ள வேண்டும். தம்பி இடது கைக்காரர். நீங்கள் வலது கையில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தால், கண்ணாடி பார்க்கிற மாதிரி இருக்கும். அவர் கழுத்துப் பிடிக்கும் கை இருக்கிற பக்கமே உங்களுடையதும் இருக்கும். அவர் கம்பி வரிசையையும் மாற்றிக் கட்டியிருப்பதால் தடித்த கம்பி அவருக்கும் மேலே, உங்களுக்கும் மேலே. அவர் விரல் எங்கே போகிறதோ அங்கேயே உங்கள் விரலும் போகலாம், எதையும் புரட்ட வேண்டியதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் யாருக்கும் இந்த வசதி இல்லை, எனக்கும் கிடைத்ததில்லை. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தால் சில போன்கள் படத்தை இடவலமாகப் புரட்டிவிடும். சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது, பட்டன் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். அதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் எனக்கு அனுப்பியதில் பை சரியான பக்கம்தான் இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கிற வசதி பல ஆப்களில் இருக்கிறது, அதில் சுருதி மாறாது.

வீடியோவில் தம்பி வாசிப்பது ஏ மைனர், டி மைனர், ஜி, சி, நடுவில் ஓர் இடத்தில் எஃப். எஃப்புக்கு ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்துகிறார். உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். எஃப் மேஜர் செவன் என்று ஒன்று இருக்கிறது, அதில் முதல் கம்பியை, அதாவது மெல்லிசான கம்பியை, அழுத்தாமல் திறந்தே விட்டுவிடலாம். அந்த இடத்தில் அது உறுத்தாது, கேட்க இன்னும் இதமாகவே இருக்கும். தொடக்கத்தில் அவர் விரல்களால் தனித்தனியாக மீட்டும் பகுதி தைக்குள் வராது. அதற்கு ஒரு வருடம் ஆகும், அவசரப்பட்டால் பிழையாகவே கையில் படிந்துவிடும். நாலைந்து கார்டில் நிதானமாக ஸ்ட்ரம் செய்து, அதாவது கம்பிகளைச் சேர்த்து மீட்டி, பாட்டைக் கொண்டுபோவது தைக்குள் கட்டாயம் வரும்.

ஆனால் முதல் தடவையாக நினைவு நாளன்று வாசிக்காதீர்கள். வீடு நிறைய ஆட்கள், படத்துக்கு மாலை, சமையல் வேலை, தொண்டையில் ஏற்கெனவே அடைப்பு. அன்றைக்கு உங்கள் கை உங்கள் பேச்சைக் கேட்காது. மார்கழியில் ஏதாவது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அது நடந்துவிட்டால் தை மாதத்தில் வாசிப்பது உங்கள் இஷ்டம். அன்றைக்கு முடியவில்லை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

கடைசியாகச் சுருதி. தம்பி பாடிய சுருதி ஆண் குரலுக்கானது, அதிலேயே நீங்கள் பாடினால் குரல் அடியில் போய் அமுங்கிவிடும். ஒரு கேப்போ வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தில் கவ்விக்கொள்ளும் சின்ன கிளிப்தான். அதை 3, 4, 5 என்று ஒவ்வொரு ஃபிரெட்டாக வைத்துப் பாடிப் பாருங்கள். தொண்டை இறுகாமல் வருகிற இடம்தான் உங்கள் இடம். கார்ட் பிடிப்பது அதேதான், சுருதி மட்டும் ஏறும். கேப்போ போட்டால் ஃபிரெட்டுகளும் நெருக்கமாக வரும், கம்பியும் மெத்தென்று அழுந்தும், அதனால் பழகும்போதே போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு என்று சொல்லி வாங்குங்கள். கிளாசிக்கல் கிட்டாருக்கான கேப்போ தட்டையாக இருக்கும், உங்கள் கிட்டாரின் கழுத்தில் சரியாக உட்காராது.